வாழவந்திக்கு மட்டும் சுற்றிய வட்டம்

1. ஓரவஞ்சனை

நான் கொல்லிமலைக்குப் போனது அருவி பார்க்க இல்லை. ஒரு கம்ப்யூட்டர் ஊர் பார்த்து ஓரவஞ்சனை செய்கிறது என்று புகார் வந்தது. அதை விசாரிக்கத்தான் போனேன்.

முப்பது வருடத்துக்குக் கிட்டே டேட்டாபேஸ் அட்மினாக இருந்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இந்தக் குறிப்பை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்; அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது "இந்தம்மா என்னதான் வேலை செய்யறாங்க?" என்று கேட்பார்கள். ஓடாதபோது "இந்தம்மா என்னதான் வேலை செஞ்சாங்க?" என்று கேட்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் டீ குடித்துக்கொள்ளலாம்.

கடைசியாக வேலை பார்த்தது நாமக்கல்லில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். முதலாளி சௌந்தர். முட்டைப் பண்ணை, லாரி ஆபீஸ், அரிசி மண்டி என்று யார் கேட்டாலும் சாஃப்ட்வேர் எழுதித் தருவார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். பெரிய சர்வர் வாங்கு.

மிளகு சீசன் நடுவில் ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்.

"மேடம், கொல்லிமலையில அடிதடி ஆயிரும் போல இருக்குங்க. நம்ம சாஃப்ட்வேர் வாழவந்தி நாட்டுக்காரங்களை மட்டும் நிக்க வெக்குதாம்."

"சாஃப்ட்வேருக்கு வாழவந்தி எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க சார்."

"அதை நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க."

விஷயம் இதுதான். மலையில் உழவர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். செம்மேட்டில் அவர்களுடைய குடோன். மிளகைக் கொண்டுவந்தால் எடை போட்டு, ஈரம் பார்த்து, தரம் குறித்து, ரசீது கொடுத்து, சாயங்காலம் லாரியில் கீழே அனுப்புவார்கள். கவுன்டரில் ஊருக்கென்று கொடுத்த குறியீட்டை, அதாவது கோடை, அடித்ததும், அந்த ஊர் மிளகு இதுவரை எந்த ஈரத்தில், எந்தத் தரத்தில் வந்திருக்கிறது என்று திரையில் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்றைய தரத்தை முடிவு செய்வார்கள். மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாடு, எடப்புளி நாட்டு ஊர்களுக்கெல்லாம் அது கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. வாழவந்தி கோடை அடித்தால் மட்டும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஆள் டீக்கடைக்குப் போய், டீ குடித்து, டீக்கடைக்காரரின் மருமகனைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பி வரும்வரை சுற்றியது.

நான் வீட்டிலிருந்தே குடோன் சர்வருக்குள் நுழைந்தேன். கவுன்டரிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் அதே கேள்வியை, எங்கள் பாஷையில் குவரியை, எடுத்து, வாழவந்தி கோடைப் போட்டு ஓட்டினேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. குடோனுக்குப் போன் போட்டேன்.

"எங்கிட்ட வேகமா வருதுங்களே" என்றேன்.

எங்கள் தொழிலில் இதைவிட வெறுக்கப்பட்ட வாக்கியம் கிடையாது. மறுமுனையில் போன் கை மாறியது. வந்தவர் தங்கம்மா. வாழவந்தி நாட்டு மிளகு விவசாயி, கம்பெனியில் டைரக்டர்.

"ஏனுங்க, உங்ககிட்ட வேகமா வருதுன்னா நாங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு உங்க ஊட்டுக்கே வந்துரட்டுங்களா?"

அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

2. குடோன்

கொல்லிமலை வளைவுகளில் ஒரு டேட்டாபேஸ் அட்மினின் வயிறு என்ன பாடு படும் என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லாதது. முகம் கழுவிக்கொண்டு குடோனுக்குள் நுழைந்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

உள்ளே இரண்டு வரிசைகள் நின்றன. யாரும் அப்படிப் பிரியச் சொல்லவில்லை. கோபம் தானாகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் வாழவந்திக்காரர்கள், மறுபக்கம் மற்றவர்கள். வாசலுக்கு எதிரே ரோட்டோரத்தில் கீழ்நாட்டு வியாபாரி ஒருவரின் மினி லாரி நின்றது. கம்பெனி வருவதற்கு முன்னால் மலை மிளகை வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். இப்போது யாரையும் கூப்பிடவில்லை. லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு, கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சிரித்த முகமாக நின்றார்.

சர்வரின் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். யுபிஎஸ்ஸின் மேல் ஒரு எலுமிச்சம்பழம். சௌந்தர் சார் அனுப்பிய புதிய ரேமும் உள்ளே இருந்தது. மூன்றில் எதுவும் வேலை செய்யவில்லை.

கவுன்டரில் சத்யா உட்கார்ந்திருந்தாள். பி.காம். முடித்தவள், இந்த வேலைக்கு வந்து மூன்றாவது சீசன். அவள் திண்ணனூர் நாட்டுப் பெண். அதுதான் வினையாகப் போயிருந்தது.

"அந்தப் புள்ளதாங்க அமுக்குது" என்றார் பெரியண்ணன். வாழவந்தி வரிசையில் முதல் ஆள் அவர். "அவங்க ஊர்க்காரன் வந்தா டக்குனு ரசீது வருது. நாங்க வந்தா ராட்டினம் சுத்துது. இதென்ன, எங்களுக்குத் தெரியாதுங்களா?"

முந்தின நாள் டோக்கன் கூப்பிடும் மைக்கைப் பிடுங்கி, இதையே குடோன் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். சத்யாவின் அப்பாவும் அப்போது மூட்டையோடு வரிசையில் நின்றிருக்கிறார். மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். சத்யா இந்த மாதத்தோடு நின்றுவிடுவதாகத் தங்கம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

தங்கம்மா என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "மேடம், இந்த நாட்டுல ஊர் ஊரா நடந்து, நம்ம கம்பெனிதான், கொண்டாங்கன்னு நாந்தான் சொன்னேன். என் பேச்சை நம்பித்தான் கொண்டாந்து போடறாங்க. பாதிக்கு மேல எங்க மிளகுதான். இவங்க இன்னைக்கு அந்த லாரிக்குப் போயிட்டாங்கன்னா திரும்பி வர மாட்டாங்க. அப்பறம் இந்தக் குடோன்ல நாங்க மரவள்ளிக் கிழங்குதான் காயப் போடோணும். சாயங்காலத்துக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க."

"பாக்கறேங்க அக்கா" என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

3. ஆறு

சத்யாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க மேடம். காலையில ஆபீஸ் தொறந்ததும் வாழவந்திக்காரங்க வந்தாக்கூட சீக்கிரமாத்தான் வருது. அப்பறந்தான் நின்னு போகுது. அணைச்சுப் போட்டா மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். தராசைத் திரும்ப இணைக்கவே நேரம் போயிருதுங்க. அதுக்கும், 'எங்க முறை வந்தாத்தான் அணைக்கறா'ன்னு சொல்றாங்க."

"இதை யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"உங்க ஆபீஸ்ல சொன்னேன். அணைச்சுப் போடச் சொன்னாங்க."

சௌந்தர் சார் குரலிலேயே அது கேட்டது.

அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் ஏதோ ஒன்று எங்கேயோ நினைவில் தங்குகிறது, அணைத்ததும் மறந்துபோகிறது என்று அர்த்தம். குடோன் செயலியை நிறுத்தி மறுபடி துவக்கச் சொன்னேன். சர்வர் செய்வதையெல்லாம் வரிசையாகக் குறித்துக்கொண்டே வரும் லாக் என் லேப்டாப்பில் ஓடும்படி வைத்தேன். வாழவந்திக்காரர்களையே வரிசையாக அனுப்பச் சொன்னேன். ஐந்து பேர் போனார்கள், தடங்கல் இல்லை. ஆறாவது ஆளுக்கு வட்டம் சுற்றியது.

மறுபடி துவக்கினோம். இந்த முறை கலந்து அனுப்பினோம். ஐந்து பேர் போனார்கள். ஆறாவது ஒரு எடப்புளிக்காரர், அவரும் போனார். ஏழாவது வாழவந்தி. வட்டம்.

வரிசையில் ஒருவர், "இந்தம்மா என்னமோ பல்லாங்குழி ஆடுது" என்றார்.

ஆனால் எனக்கு அந்த ஐந்து என்ற எண் எங்கேயோ இடித்தது. நான் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது வாழவந்தி கோடைக் குவரிக்குள்ளேயே எழுதி ஓட்டியிருந்தேன். குடோன் செயலி அப்படிச் செய்வதில்லை. கோடு வர வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுக் குவரியை ஒரு முறை தயார் செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் கோடை மட்டும் நிரப்பி அனுப்பும். இதற்கு ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்று பெயர். நான் சோதித்தது ஒன்று, அவர்கள் ஓட்டுவது வேறொன்று.

லேப்டாப்பில் நானும் அதேபோல ஒரு ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் போட்டேன். வாழவந்தி கோடை நிரப்பி ஓட்டினேன். ஐந்து முறையும் ஓடியது. ஆறாவது முறை என் லேப்டாப்பும் நின்றது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சர்வீஸில் ஒரு கோளாறைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வரிசையில் நின்ற மொத்தப் பேரும், நாமக்கல்லிலிருந்து வந்த மேடத்துக்கு மலைக் காற்று சேரவில்லை என்று முடிவு கட்டிய முகத்தோடு பார்த்தார்கள்.

4. உள்ளே நடப்பது

இளையவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். சம்பளம் வாங்குவது இதற்காகத்தான்.

டேட்டாபேஸுக்கு ஒரு குவரி போனால் அது உடனே தரவைத் தேடி ஓடாது. முதலில் குவரியின் இலக்கணம் சரியா என்று பார்க்கும். பிறகு தரவை எந்த வழியில் எடுப்பது என்று திட்டம் போடும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணை மாதிரி இருக்கும் இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போவதா, மொத்த டேபிளையும் ஒரே வீச்சில் படித்துச் சேர்ப்பதா? எத்தனை வரிகள் வரும் என்று ஊகித்து, அதை வைத்து முடிவு செய்யும். அதன் பிறகுதான் ஓடும்.

ஒரே குவரி நாள் முழுக்க வந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு தடவையும் இலக்கணம் பார்த்துத் திட்டம் போடுவது வெட்டி வேலை. அதனால்தான் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். இலக்கணம் ஒரு தடவை பார்த்தால் போதும். திட்டத்தையும் முடிந்தால் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், வைத்துக்கொள்ளலாம். பயனர் அடிக்கிற எழுத்து குவரியோடு கலக்காது என்பதால் பாதுகாப்பும் கூட. நல்ல ஏற்பாடு. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

நாங்கள் பயன்படுத்திய டேட்டாபேஸ் இதில் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டும். முதல் ஐந்து முறை நிரப்பிய மதிப்பைப் பார்த்து, அதற்கென்று தனியாகத் திட்டம் போடும். அது கஸ்டம் பிளான். ஆறாவது முறை வரும்போது, மதிப்பையே பார்க்காமல் பொதுவாக ஒரு திட்டம் போட்டுப் பார்க்கும். அது ஜெனரிக் பிளான். இதுவரை போட்ட தனித் திட்டங்களின் சராசரிச் செலவைவிடப் பொதுத் திட்டத்தின் செலவு கூடாது என்று கணக்கில் தெரிந்தால், அதையே கேஷில் வைத்துக்கொள்ளும். செயலிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உள்ள கனெக்ஷன் அறுபடும்வரை அதே திட்டம்தான். எல்லாம் ஊகக் கணக்கு என்பதை மறக்காதீர்கள்.

எங்கள் டேபிளில் மற்ற நாடுகளுக்கெல்லாம் ஊர் ஊராகக் கோடு இருந்தது. ஒவ்வொரு கோடுக்கும் சில நூறு வரிகள்தான். வாழவந்தி நாடு முதலில் சேர்ந்ததால் மொத்த நாட்டுக்கும் ஒரே கோடு. போதாக்குறைக்கு, எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த ஒரு புண்ணியவான், பழைய தரவை ஏற்றும்போது எந்த ஊர் என்று தெரியாத வரிகளையெல்லாம் அதே கோடில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். லட்சக்கணக்கில் வரிகள். சராசரி பார்த்த டேட்டாபேஸ், ஒரு கோடுக்குக் கொஞ்சம் வரிகள்தான் வரும் என்று நினைத்து, இண்டெக்ஸைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போகும் திட்டத்தைக் கேஷில் வைத்துக்கொண்டது. சின்ன ஊர்களுக்கு அது சரியான வழி. வாழவந்திக்கு, லட்சம் முறை போய் லட்சம் முறை திரும்பி வரும் வழி.

5. பைக்கும் லாரியும்

இதைத் தங்கம்மாவுக்கும் பெரியண்ணனுக்கும் சொல்ல வேண்டும். இண்டெக்ஸ், கேஷ் என்று ஆரம்பித்தால் மினி லாரிக்குப் போய்விடுவார்கள்.

"உங்ககிட்ட ஒரு டிரைவர் இருக்கறாருன்னு வெச்சுக்கோங்க" என்றேன். "பைக்கும் இருக்குது, லாரியும் இருக்குது. மொத அஞ்சு தடவை, லோடு எவ்வளவுன்னு கேட்டுட்டு வண்டிய எடுத்தாரு. ஒரு மூட்டைன்னா பைக்கு, நூறு மூட்டைன்னா லாரி. ஆறாவது தடவை, 'சும்மா சும்மா எதுக்குக் கேக்கறது, பெரும்பாலும் ஒரு மூட்டைதான வருது'ன்னு நெனச்சு, இனிமே எல்லாத்துக்கும் பைக்குன்னு முடிவு பண்ணிட்டாரு."

பெரியண்ணன் யோசித்தார். "நாங்க நூறு மூட்டை வெச்சிருக்கறோம்."

"ஆமாங்க."

"அவன் ஒவ்வொரு மூட்டையா பைக்குல வெச்சு, மலைய எறங்கி எறங்கி ஏறறான்."

"அதேதாங்க."

"கிறுக்கனா அவன்?"

"கிறுக்கு இல்லீங்க. சிக்கனம்."

"அப்ப அந்த டிரைவரை மாத்துங்க."

"மாத்த வேண்டாங்க. ஒவ்வொரு தடவையும் லோடைக் கேட்டுட்டு வண்டிய எடுன்னு சொன்னாப் போதும்."

டேட்டாபேஸில் அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. கேஷில் உள்ள பொதுத் திட்டத்தை விட்டுவிடு, ஒவ்வொரு முறையும் தனித் திட்டம் போடு என்று கட்டாயப்படுத்தும் ஒரே வரி. திட்டம் போடக் கொஞ்சம் நேரம் கூடும்தான். ஆனால் மூட்டையைத் தராசில் ஏற்றும் ஆள் மூச்சு வாங்கும் நேரத்தில் அது எந்த மூலைக்கு? வரியைப் போட்டேன். பழைய கனெக்ஷன் பழைய புத்தியோடு இருக்கும் என்பதால், செயலியைக் கடைசியாக ஒரு முறை நிறுத்தித் துவக்கினேன்.

நடுவில் சௌந்தர் சார் கூப்பிட்டார். "மேடம், பெரிய சர்வருக்குச் சொல்லிரட்டுமா?"

"வேண்டாங்க சார். ஒரு வரி மாத்தியிருக்கறேன்."

"ஒரு வரியா? ஒரு வரின்னு கஸ்டமர்கிட்ட சொல்லிராதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனப் பாத்து முகத்த சுளிச்சுக்கிட்டு இருங்க."

6. மைக்

தங்கம்மா சும்மா நம்புகிறவர் இல்லை. "எங்க ஆளுங்க மட்டும் வரிசையா வாங்க. எல்லாரும் எண்ணுங்க" என்றார். குடோனே எண்ணியது. ஒவ்வொரு ரசீதும் வெளியே வரும்போது கூட்டம் எண்ணைச் சத்தமாகச் சொன்னது. ஐந்துக்குப் பிறகு சத்தம் அடங்கிவிட்டது. ஆறாவது ஆளாகப் பெரியண்ணனே மூட்டையை வைத்தார். ரோட்டோரத்து வியாபாரி லாரிக் கதவை விட்டு நிமிர்ந்து நின்றார்.

சத்யா கோடை அடித்தாள். திரை வந்தது. பிரிண்டர் ரசீதை அடித்து வெளியே தள்ளியது. ஏழு, எட்டு, ஒன்பது. யாரோ விசில் அடித்தார்கள். இரண்டு வரிசையும் மறந்துபோய், எல்லாரும் ஒரே கும்பலாகத் தராசை நோக்கித் தள்ளினார்கள்.

அப்போதுதான் சத்யா கீபோர்டை விட்டுக் கையை எடுத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றாள்.

"நான் எடை போட மாட்டேங்க."

தங்கம்மா திரும்பினார். "என்ன கண்ணு, இப்பத்தான் சரியாச்சே?"

"பொட்டி சரியாச்சுங்க. நான் அமுக்கறேன்னு மைக்குல சொன்னாங்க. எங்க அப்பா நிக்கும்போது சொன்னாங்க. சரியானது மட்டும் யாருக்கும் தெரியாம சரியாகிக்குமா? அதே மைக்குல சொல்லட்டும்."

மழை வேறு வருகிற மாதிரி இருந்தது, லாரியும் கிளம்ப வேண்டும். கொஞ்சம் விட்டுக்கொடு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. தங்கம்மா மைக்கை எடுத்துப் பெரியண்ணன் கையில் கொடுத்தார்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்று பிடுங்கும்போது அவ்வளவு கனமாக இருந்திருக்காது. பிறகு தொண்டையைச் செருமினார். அது குடோன் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. அந்தப் பொட்டிதான் கிறுக்குத்தனம் பண்ணியிருக்குது. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தெரியாமக் கத்துனது நாந்தான்." மைக்கை இறக்கினார். திரும்பவும் தூக்கினார். "அவங்கப்பன்கிட்ட நான் ஊட்டுக்கே போய் சொல்லிக்கறேன்."

சத்யா உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்தாவது யாருங்க?" என்றாள்.

அன்றைக்கு லாரி நிரம்பித்தான் கீழே இறங்கியது. மினி லாரி காலியாக அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. அடுத்து வந்த வாரங்களில் சத்யாவும் நானும் போனில் பேசிப் பேசி, வாழவந்தியை ஊர் ஊராகப் பிரித்துத் தனித்தனிக் கோடு போட்டோம். ஊர் தெரியாத வரிகளை வேறு கோடுக்கு மாற்றினோம். உண்மையான வைத்தியம் அதுதான். செட்டிங் அன்றைய தலைவலிக்குப் போட்ட மாத்திரை. அவள் வேலையை விடவில்லை.

இதில் நான் கற்றதை எழுதச் சொல்கிறார்கள். கேஷ் ஒரு முடிவை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அதை எதற்காக எடுத்தோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஒரே குவரி ஒருவருக்கு ஓடி இன்னொருவருக்கு நின்றால், தரவு எங்கே குவிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். செயலி எப்படி ஓட்டுகிறதோ அப்படியே ஓட்டிச் சோதியுங்கள். இதெல்லாம் எந்த மேனுவலிலும் கிடைக்கும்.

மேனுவலில் இல்லாத ஒன்று உண்டு. சாஃப்ட்வேர் ஒரு ஊருக்கு மட்டும் மெதுவாக ஓடினால், அந்த ஊர்க்காரர்களுக்கு அது கோளாறாகத் தெரியாது, அவமானமாகத்தான் தெரியும். அந்தக் கோபம் நமக்கு வந்து சேராது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரோடு நின்றுவிடும். அதனால் "ஸ்லோவா இருக்கு" என்று ஒரு புகார் டிக்கெட் வந்தால், எந்தக் குவரி என்று கேட்பதற்கு முன்னால், கவுன்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு சீக்கிரம் கிளம்புங்கள்.